மத்தியானம் ஆனால் கூடும் எடை

போன வாரம் வடக்கனந்தல் தாண்டி பஸ் போகும்போது எங்கிருந்தோ புளித்த மரவள்ளிக் கிழங்குத் தண்ணீர் வாசம் அடித்தது. பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் மட்டும் பந்தியில் உட்கார்ந்தவன் மாதிரி நன்றாக இழுத்து முகர்ந்தேன். என் முதல் வேலையின் வாசம் அது. அந்த வேலையில் பெருமைப்பட வேறு அதிகம் இருந்ததில்லை.

கள்ளக்குறிச்சியில் மருந்துக்கடை மாடியில் இரண்டு அறை. அதுதான் கம்பெனி. எலக்ட்ரானிக் தராசுப் பெட்டி செய்வோம். எஞ்சினியர்கள் நானும் ஸ்டெல்லாவும். அவள் உளுந்தூர்பேட்டைக்காரி. சாலிடர் வைக்கும்போது சர்ச் பாட்டு முணுமுணுப்பாள். கை சுட்டால் வேறு சொற்கள் வரும். முதலாளிக்கு உதிரி பாகம் என்றாலே ஆகாது. எந்த சர்க்யூட்டைக் காட்டினாலும், இதை எடுத்துவிட்டால் ஓடாதா என்பார். பல சமயம் ஓடிவிடும், அதுதான் தொல்லை.

மலையடிவார ஜவ்வரிசி ஆலை ஒன்றுக்குப் பெட்டி கொடுத்திருந்தோம். கிழங்கு எடை, மாவு உலர்த்தும் டிரையரின் சூடு, இரண்டையும் அதே பெட்டி காட்டும். சென்சாரிலிருந்து வரும் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்ற உள்ளே ஒரே சிப். இதை ஒரு முறை, அதை ஒரு முறை என்று மாறி மாறி அளக்கும்.

ஆலையிலிருந்து புகார் வந்தது. கல்வராயன் மலையிலிருந்து கிழங்கு கொண்டுவரும் செல்வராணிக்குக் காலையில் முதல் எடை. அவர் கொழுந்தன் மத்தியானம் வருவார். ஒரே காட்டில் விளைந்த கிழங்கு, ஒரே அளவு மூட்டை. ஆனாலும் செல்வராணிக்கு எப்போதும் கம்மி, கொழுந்தனுக்கு ஜாஸ்தி. வழியில் இறக்கி விற்றுவிடுகிறாள் என்று வீட்டில் பேச்சு. நாங்கள் ஆலைக்குப் போனபோது செல்வராணி அழவில்லை, கத்தவும் இல்லை, நேராகக் கேட்டார்.

"வூட்ல என்னத் திருடின்னு சொல்லிக்கினு இருக்காங்க. உங்க பொட்டி பொய் சொல்லுதா, நான் சொல்றனா? அத மட்டும் பாத்துச் சொல்லுங்க."

பெட்டி பொய் சொல்லாது என்று நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா என் காலை மிதித்தாள். ஒரு மூட்டையை நிறுத்து ஓரமாக வைத்தோம். மத்தியானம் டிரையர் கொதித்ததும் அதையே மறுபடி ஏற்றினோம். வெயிலில் கிடந்த கிழங்கு இளைத்திருக்க வேண்டும், இதுவோ கொழுத்திருந்தது. மத்தியானமானால் கேட்டில் வண்டிகள் வரிசை கட்டுவது ஏன் என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

சிப்புக்குள் குட்டிக் கெபாசிட்டர் ஒன்று உண்டு. ஒவ்வொரு முறை அளக்கும்போதும் கண்மூடித் திறப்பதற்குள் அது நிரம்ப வேண்டும். எடை வழியில் இரைச்சலை வடிகட்டப் பெரிய ரெசிஸ்டர் போட்டிருந்தோம். அதற்கும் சிப்புக்கும் நடுவே இருந்து சட்டென்று நிரப்பிக்கொடுக்க வேண்டிய ஆம்ப்ளிஃபயரை முதலாளி கழற்றச் சொல்லியிருந்தார். சரியாக நிரம்பாததால், சற்றுமுன் அளந்த டிரையர் சூட்டின் மிச்சம் எடையோடு ஒட்டிக்கொண்டது. சூடு ஏற ஏறக் கிழங்கும் கனத்தது.

முதலாளிக்குப் போன் போட்டால், பெட்டியைக் கிழக்கே திருப்பி வைத்துப் பாருங்கள் என்றார். ஸ்டெல்லா போனை வைத்துவிட்டுத் தன் பையிலிருந்து ஒரு ஆம்ப்ளிஃபயரை எடுத்து மாட்டினாள். இரைச்சலுக்காக அதை ஒட்டி நேராக வெளியே இன்னொரு கெபாசிட்டரை வைத்ததும் எண் சாமி வந்த மாதிரி ஆடியது. நேராகக் கெபாசிட்டரைச் சுமந்தால் ஆம்ப்ளிஃபயர் தடுமாறும் என்று படித்ததை இருவரும் பரீட்சையோடு மறந்திருந்தோம். நடுவில் சின்ன ரெசிஸ்டர் ஒன்றை வைத்ததும் அடங்கியது.

மறுநாள் பெட்டி காலையில் காட்டிய எடையையே மத்தியானமும் காட்டியது. கொழுந்தன் பக்கத்தில்தான் நின்றார். செல்வராணி அவரைப் பார்க்கவில்லை. இதை அப்படியே மாமியாரிடம் வந்து சொல்ல முடியுமா என்று எங்களைக் கேட்டார்.

மலை ஏறினோம். வளைவுகளில் நான் வாந்தி எடுத்தேன், கம்பெனியின் கௌரவம் அத்தோடு போயிற்று. ஸ்டெல்லாதான் விளக்கினாள். மாமியார் கெபாசிட்டர் வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

"இன்னா எழவோ. எங்க பொண்ணு எடுக்கல, அவ்ளோதான?"

அவ்வளவுதான் என்றோம். அதுவரை வாசற்படியில் நின்றுகொண்டிருந்த செல்வராணி அப்போதுதான் உட்கார்ந்தார்.

மத்தியான வரிசை கலைந்துபோனது. அதை நம்பி ஆலை வாசலில் கடை போட்டிருந்த டீக்காரர் எங்களை மன்னிக்கவே இல்லை. நல்லா ஓடிக்கினு இருந்த மிஷினைக் கெடுத்துவிட்டோமாம்.

இப்போது ஆம்ப்ளிஃபயர், வடிகட்டி எல்லாம் சேர்ந்தே ஒரு சிப்பாக வருகிறது. மருந்துக்கடை மாடியில் டியூஷன் நடக்கிறது. ஆலை இருந்த இடத்தில் கலர் கல் நட்டு மனை பிரித்திருக்கிறார்கள். பஸ்ஸிலிருந்தே ஓசூரில் இருக்கும் ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டு இதையெல்லாம் சொன்னேன். ஆலையைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"அந்த டீக்காரர்தாம்பா பாவம்" என்றாள்.