ருஸ்வாண்டி போட்ட இரண்டு கோடுகள்

ருஸ்வாண்டிக்குத் தலையாட்டத் தெரிந்த அளவுக்கு யோசிக்கத் தெரியாது என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அது அநியாயம். அவன் நிறையவே யோசிப்பான். எதிரே இருப்பவர் எந்தப் பதிலுக்காகக் காத்திருக்கிறார் என்பதை, அவர் கேள்வியை முடிப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவான். நாற்பத்தோரு வயதில் இந்த ஒரு வித்தையைத் தவிர வேறெதையும் அவன் முழுசாகக் கற்றதாகத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் "புரிந்ததா?" என்று கேட்டால் முதல் குரல் அவனுடையதுதான். கல்லூரியில் பேராசிரியர் தப்பாகச் சொன்ன சூத்திரத்தைத் தப்பாகவே எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினான். எங்கள் பக்கத்தில் இதற்கு வளர்ப்பு என்று பெயர். பெரியவர் முகம் கோணாமல் பார்த்துக்கொள்வதுதான் மரியாதை. அவர் கால் வைக்கப்போகும் இடத்தில் பள்ளம் இருக்கிறதென்று சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். பள்ளத்தில் விழுந்த பிறகு கைகொடுத்துத் தூக்க நாலு பேர் ஓடிவருவார்கள். அதுவும் மரியாதைதான்.

இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில், பத்தாகோர் என்னும் மீன் பலகாரம் விற்கும் ஒரு கடையின் மாடியில் இயங்கும் சிறிய நிறுவனத்தில் பதினைந்து வருஷமாகக் கைபேசிச் செயலிகள் செய்துவந்தான். முதலாளி பெயர் குமிலார்; ஐயா என்பதற்கு அங்கே ‘பாக்’. கீழே மீனும் வேர்க்கடலைக் குழம்பும் மணக்க, மேலே ருஸ்வாண்டியின் குரலில் ஒரே வாக்கியம் கேட்டுக்கொண்டிருக்கும்: "ஆகட்டும், பாக்." அந்த வருஷம் தொழில்நுட்பத் தலைவர் நாற்காலி காலியாகியிருந்தது. அடுத்து வரும் திட்டம் நல்லபடியாக முடிந்தால் அது அவனுக்கு என்று குமிலார் சொல்லவில்லை. சொல்லப்போவது போன்ற ஒரு முகத்தோடு நடமாடினார். அது போதுமானதாக இருந்தது.

அவன் தெத்தே என்று கூப்பிடும் அக்கா இபா, இருவரும் பிறந்த ஆற்றங்கரைக் குடியிருப்பிலேயே இருந்தாள். நகரத்துக்குத் தெற்கே ஆறு வளையும் பள்ளம் அது. மழைக்காலத்தில் மூன்று நான்கு முறை தண்ணீர் வீட்டுக்குள் வரும். அங்கே யாரும் அதைப் பேரிடர் என்பதில்லை. வருஷா வருஷம் வரும் விருந்தாளியைப் போலத் திட்டிக்கொண்டே இடம் விடுவார்கள். கீழ்த்தளத்தில் இபா கெருப்புக் அப்பளம் போட்டு விற்றாள். எந்த நேரமும் நாற்பது மூட்டை மரவள்ளி மாவு அங்கே இருக்கும். நனைந்த மாவு சுவரொட்டி ஒட்டத்தான் ஆகும்.

ஆற்றின் மேல்பக்கம் ஓர் அளவுக் கம்பம் நட்டிருந்தது. அங்கே நீர் எழும்பினால் அவள் வாசலுக்கு வர இரண்டு மணி நேரம். நாற்பது மூட்டையையும் பரணில் ஏற்ற அவளுக்கும் வேலைக்காரர் ஓடாங்குக்கும் அதே இரண்டு மணி நேரம் வேண்டும். எனவே மலைப்பக்கம் வானம் கறுத்தால், ஓடாங் மோட்டார் சைக்கிளில் போய்க் கம்பத்தைப் பார்த்துவிட்டு வருவார். அவள் பிழைப்பு அந்த ஒரு தகவலில் தொங்கியது.

அந்தக் கம்பத்தில்தான் வட்டாரத் தலைவரின் ஏற்பாட்டில் ஒரு மிதவைக் கருவி பொருத்தினார்கள். அது அனுப்பும் அளவைக் கைபேசியில் காட்டும் செயலி குமிலாரின் நிறுவனத்துக்கு வந்தது. ஆறு மீட்டரைத் தாண்டினால் எண் சிவப்பாக வேண்டும். முதலில் எழுதியவள் ரெங்கானிஸ். இருபத்தொன்பது வயது, திறமையை விட வாய் கொஞ்சம் நீளம் என்று பேர்.

அவள் முறைப்படிதான் எழுதியிருந்தாள். இந்தத் தொழிலில் தகவலை வைத்திருக்கும் பகுதிக்கு மாடல் என்று பெயர். ஆற்றில் எத்தனை மீட்டர் என்பது அதற்கு மட்டுமே தெரியும்; திரை என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. திரைக்கோ காட்ட மட்டும் தெரியும். இரண்டுக்கும் நடுவே கன்ட்ரோலர். மாடலிடம் எண் மாறினால், "மாறிவிட்டது" என்று அது குரல் கொடுக்க வேண்டும். கன்ட்ரோலர் அதைக் கேட்டுத் திரையை மாற்றும். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று மாடல் சும்மா இருந்துவிடக் கூடாது. ஏனென்றால் எப்போது கேட்பது என்று கன்ட்ரோலருக்குத் தெரிய வழியில்லை. தெரிந்தவன்தான் வாயைத் திறக்க வேண்டும். மனிதர்களுக்கு மூவாயிரம் வருஷமாகச் சொல்லியும் ஏறாத இந்த விஷயத்தை ரெங்கானிஸ் ஒரே வரியில் எழுதியிருந்தாள்.

ஒத்திகைக்கு வட்டாரத் தலைவர் வந்தார். பெரிய திரையில் எண் பச்சையாக நின்றது. தம் நிர்வாகத்தில் ஆறு எவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று அவர் விளக்கிக்கொண்டிருக்கையில், கம்பத்தடியில் கருவியைச் சோதித்த ஆள் மிதவையைத் தூக்கிப் பார்த்தான். எண் குதித்துச் சிவந்தது. தலைவர் பேச்சை நிறுத்தினார்.

"நான் பேசும்போதே இது குறுக்கே பேசுதே" என்றார், சிரித்தபடி.

எல்லாரும் சிரித்தார்கள். குமிலாரும் சிரித்துவிட்டு ருஸ்வாண்டியைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் முதலாளிகள் தவறான உத்தரவு போட்டதாக யாராலும் நிரூபிக்க முடியாது. அவர்கள் பார்ப்பதோடு சரி.

மறுநாள் காலை ருஸ்வாண்டி அந்த ஒரு வரியின் முன்னால் இரண்டு சாய்கோடுகள் போட்டான். கோடு போட்ட வரியைக் கணினி படிக்காது. வரி இருக்கும், வேலை செய்யாது. பதிலுக்கு, திரையைத் திறக்கும்போது மட்டும் கன்ட்ரோலர் ஒருமுறை மாடலைக் கேட்கும்படி செய்தான். அப்புறம் ஆறு பொங்கினாலும் வற்றினாலும், திறந்தே கிடக்கும் திரையில் பழைய எண் அசையாமல் நிற்கும். யாருக்காவது செய்து காட்டும்போது புதிதாகத்தானே திறப்பார்கள்? அப்போதெல்லாம் எண் சரியாகவே இருக்கும்.

ரெங்கானிஸ் மத்தியானத்துக்குள் கண்டுபிடித்துவிட்டாள். வயதில் மூத்தவன் என்பதால் அவனை அவள் காங், அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவாள்.

"காங், அந்த வரியை ஏன் மூடி வெச்சிருக்கீங்க?"

"எண் திடீர்னு குதிக்குது. பார்க்கறவங்க பதறிடறாங்க."

"வெள்ளம் வந்தா பதறத்தானே வேணும்? அதுக்குத்தானே இதைச் செய்யறோம்?"

"மூடிட்டுத் திறந்தா புது எண் வந்துடும்ல."

"மூடித் திறக்கணும்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?"

உதவிப் பக்கத்தில் எழுதிவிடலாம் என்றான். அதற்கு அவள் சொன்னாள்: "மாடலும் உங்களை மாதிரியே ஆயிடுச்சு காங். கேட்டா சொல்லும். கேட்கலைன்னா ஊரே முழுகினாலும் வாயைத் திறக்காது."

அவன் சிரித்தான். வசவை நகைச்சுவையாக எடுத்துக்கொள்வதும் வளர்ப்பில் சேர்ந்ததுதான்.

திரை கொஞ்சம் உயிரில்லாமல் இருக்கிறதே என்று குமிலார் பொதுவாகச் சொன்னார். "ஆகட்டும், பாக்." எண்ணுக்குக் கீழே பச்சை எழுத்தில் ‘இப்போதுதான் புதுப்பிக்கப்பட்டது’ என்று சேர்த்தான். அது எந்தக் கடிகாரத்தையும் பார்க்காது, எதையும் விசாரிக்காது. கடைப் பலகையில் ‘சுத்தமான நெய்’ என்று எழுதுவது போல எழுதப்பட்ட எழுத்து.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவின் கைபேசியில் செயலியைப் போட்டுக்கொடுக்கப் போனான். அவள் வாழையிலையில் கட்டிய சோறும் பொரித்த கெளுத்தியும் வைத்தாள். தம்பி செய்தது என்று பக்கத்து வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு, மாவு பிசைந்துகொண்டே கேட்டாள்.

"ரூஸ், இதைத் திறந்து அலமாரியில வெச்சுட்டா போதுமாடா? மாவுக் கையோட சும்மா சும்மா தொட முடியாது."

"போதும் தெத்தே."

"தண்ணி ஏறினா இதுவா மாறிடுமா?"

அவன் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான். அது சிறிய முள். அதற்கு இவ்வளவு நேரம் தேவையில்லை.

"மாறும்" என்றான்.

எந்தப் பதிலுக்காக அவள் காத்திருந்தாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஓடாங் இனிமேல் கம்பத்துக்குப் போய் அலைய வேண்டாம் என்று அன்றே இபா சொல்லிவிட்டாள்.

டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை, குடியிருப்பின் மேட்டுப் பகுதி மண்டபத்தில் தொடக்க விழா. பத்திக் சட்டைகளும், ஆளுக்கொரு சிற்றுண்டிப் பெட்டியும், பூச்சாடிகளுக்கு நடுவே பெரிய திரையும். பகல் பன்னிரண்டே முக்காலுக்குத் திரையைத் திறந்து வைத்தார்கள். 4.10 மீட்டர், பச்சை. முதல் வரிசையில் குமிலாருக்கும் வட்டாரத் தலைவருக்கும் பக்கத்தில் ருஸ்வாண்டிக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அப்படி ஒரு வரிசையில் அவன் அதற்குமுன் உட்கார்ந்ததில்லை.

வரவேற்பு, பிரார்த்தனை, இன்னொரு வரவேற்பு. ஒவ்வொருவரும் தமக்கு முன் பேசியவரின் பெயரை முழுப் பட்டங்களோடு சொல்லித் தொடங்கினார்கள். மலைப்பக்கம் வானம் கறுத்திருந்தது சன்னல் வழியே எல்லாருக்கும் தெரிந்தது. எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். திரை பச்சையாக இருந்தது. ஆகவே வானத்தை விட்டுவிட்டார்கள்.

இரண்டரை மணிக்கு ரெங்கானிஸ் பின்வரிசையில் தன் கைபேசியில் செயலியை மூடித் திறந்தாள். 6.80, சிவப்பு. உள்ளே அளவுப் பதிவுகளைப் பார்த்தாள். நீர் ஆறு மீட்டரைத் தாண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. குனிந்தபடி முன்வரிசைக்கு வந்து ருஸ்வாண்டியின் முழங்காலருகே கைபேசியை நீட்டினாள்.

"காங், தெத்தேக்கு போன் பண்ணுங்க."

வட்டாரத் தலைவர் மேடையில் இருந்தார். ‘நம் ஆறு இன்று நமக்குக் கீழ்ப்படிகிறது’ என்ற இடத்தில் இருந்தார். இப்போது முதல் வரிசையில் கைபேசியைக் காதில் வைப்பதா? இபாவின் குரல் எட்டு வீட்டுக்குக் கேட்கும். அதில் ஒருத்தி இங்கே ஓடிவந்தால் மண்டபமே காலியாகும். தலைவர் காலி நாற்காலிகளிடம் பேசிக்கொண்டிருப்பார். குமிலார் மறுபடியும் பார்ப்பார். ருஸ்வாண்டி கணக்குப் போட்டான். இன்னும் முக்கால் மணி இருக்கிறது. பேச்சு பத்து நிமிஷத்தில் முடியும். நாற்பது மூட்டைக்கு இரண்டு மணி நேரம் வேண்டும் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

"பேச்சு முடியட்டும்" என்றான்.

அவள் அதற்குள் வாசலுக்குப் போய்விட்டாள். மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கைதட்டலில் அமுங்கியது. பேச்சு இருபத்தைந்து நிமிஷம் நீண்டது. அது முடியும் தறுவாயில், முழங்கால் வரை சேற்றில் நனைந்த ஒரு பெண் வாசலில் வந்து நின்று, "கீழ்த் தெருவுல தண்ணி வந்துடுச்சு" என்றாள். முன்னூறு பேரும் ஒரே நேரத்தில் திரையைத் திரும்பிப் பார்த்தார்கள். 4.10. இப்போதுதான் புதுப்பிக்கப்பட்டது.

ரெங்கானிஸும் இபாவும் ஓடாங்குமாகப் பதினொரு மூட்டை ஏற்றியிருந்தார்கள்.

தண்ணீர் வடிந்த மறுநாள் ருஸ்வாண்டி போனான். தரை முழுக்க வெள்ளைக் கூழ். இபா தகரத்தால் அதை வழித்து வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு தகரத்தைத் தேடினான். அவள் நிமிரவில்லை.

"ஓடாங் போய்ப் பார்க்கறேன்னாருடா. நான்தான் வேணாம்னேன். நாலு பத்துன்னு காட்டுச்சு. இப்பத்தான்னு வேற எழுதியிருந்துச்சு." தகரத்தை வாளி விளிம்பில் தட்டினாள். "அந்த இப்பத்தானை யாருடா எழுதினது?"

கேள்வி முடிவதற்குள் பதிலைக் கண்டுபிடிக்கும் வித்தை அவனிடம் இருந்தது. கருவி, மழை, இணையம், ரெங்கானிஸ் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஆனால் இபா எந்தப் பதிலுக்காகவும் காத்திருப்பதாகத் தெரியவில்லை. அவள் மறுபடியும் வழிக்க ஆரம்பித்திருந்தாள். அனுசரித்துப்போக முகம் கிடைக்காத ஆள் தடுமாறினான்.

"நான்தான் தெத்தே" என்றான்.

"ம்" என்றாள். "அந்த மூலையில இன்னும் நிறைய இருக்கு."

திங்கட்கிழமை குமிலார் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். மழையில் கருவி பழுதாகிவிட்டது என்று அறிக்கை எழுதினால் யாருக்கும் சங்கடமில்லை. அடுத்த மாதம் இன்னும் மூன்று ஊர்களுக்கு இதே செயலி போகிறது. நாற்காலி விஷயத்தையும் இந்த வாரமே முடித்துவிடலாம். இத்தனையும் சொல்லிவிட்டு, "அவ்வளவுதானே?" என்று கேட்டார்.

ருஸ்வாண்டியின் வாய் வழக்கமான வார்த்தைக்காகத் திறந்தது. நகக்கண்ணில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டிக்கொண்டே சொன்னான்.

"கருவி ஒழுங்காத்தான் வேலை செஞ்சுது பாக். மாறினா சொல்ற வரியை நான்தான் மூடி வெச்சேன். அந்த மூணு ஊருக்கும் இப்படியே போகக் கூடாது."

"நான் மூடச் சொன்னேனா?"

"சொல்லலை. பார்த்தீங்க."

இதைத் துணிச்சல் என்று சொல்ல எனக்கு மனமில்லை. இருபத்தொன்பது மூட்டை கரைந்த பிறகு வந்த வாக்கியம் அது. தொழில்நுட்பத் தலைவர் நாற்காலி விற்பனைப் பிரிவிலிருந்து வந்த ஒருவருக்குப் போயிற்று. நிரல் எழுதத் தெரியாதவர், நன்றாகச் சிரிப்பவர். சாய்கோடுகள் இரண்டையும் ரெங்கானிஸ் அழித்தாள். அதற்கு இரண்டு விநாடி ஆனது. பச்சை எழுத்து இருந்த இடத்தில், அளவு வந்த உண்மையான நேரத்தைப் போட்டாள்.

புதிய செயலியோடு ருஸ்வாண்டி அக்கா வீட்டுக்குப் போனபோது அவள் கையைத் துடைக்காமலே, "வெச்சுட்டுத் தள்ளி நில்லு" என்றாள். ஓடாங் கம்பத்துக்குப் போய், கருவி பார்க்கும் ஆளைப் பிடித்து மிதவையைத் தூக்கச் சொல்ல வேண்டும் என்பது அவளுடைய ஏற்பாடு. அரை மணி நேரம் இருவரும் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் தொடாமலே 3.20 சிவந்து 6.50 ஆயிற்று.

இபா தலையை அசைத்தாள். அன்று மத்தியானம் மலைப்பக்கம் கறுத்தபோது எண் பச்சையாகத்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், பிறகு ஓடாங்கைக் கூப்பிட்டாள்.

"எதுக்கும் ஒரு நடை போயிட்டு வந்துடுங்க."

ருஸ்வாண்டி எழுந்து, "நானே போறேன் தெத்தே" என்றான்.

"ஓடாங்கையும் கூட்டிட்டுப் போ" என்றாள்.