இடது காலுக்கு வேலை வந்தது

வாடகைக் கார் ஓட்டுவதில் ஒரு வசதி உண்டு: நாம் செய்கிற தவறெல்லாம் கூட வருகிறவர் உடம்பில் உடனே தெரிந்துவிடும், புகார்ப் பெட்டி தனியாக வேண்டாம்.

எனக்கு முன்பிருந்த வேலை வேறு. துபாயில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் ஷோரூமில் பதினெட்டு வருஷம். வாங்க வருகிறவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்ட வேண்டும். வாங்கிவிட்டால் அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கிளட்ச் மிதியே இல்லாத கார்கள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு தகடுகள் இருக்கும், விரல் பட்டால் கியர் மாறும். உழைப்பெல்லாம் வலது காலுக்கு. இடது கால் ஓய்வெடுக்க ஒரு சின்னப் பலகை வைத்திருப்பார்கள்.

நாற்பத்தெட்டாவது வயதில் கீழக்கரைக்குத் திரும்பினேன். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்த ஊர் விசா போய்விடும். ஐந்து மாதம் வேலை தேடிப் பார்த்துவிட்டு, ஐந்து கியர் போட்ட பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கினேன். ராமநாதபுரத்திலிருந்து அக்காள்மடத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் பஸ்ஸில் நின்றபடியே போய்க்கொண்டிருந்த மூன்று ஆசிரியர்கள், ஒரு மாதம் என் காரில் வந்து பார்க்கச் சம்மதித்தார்கள். பிடித்தால் தொடர்வார்கள். பிடிக்கவில்லையென்றால் அவர்களுக்குப் பஸ், எனக்கு விமானம்.

அந்த ஒரு மாதத்தில் நடந்தவை இவை. கியர் கம்பியோடு மல்லுக்கட்டிய யாருக்கும் இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. ஆறுதல் இருக்கலாம்.

தெருவைத் தாண்டவில்லை

முதல் நாள் காலை வீட்டு வாசலிலிருந்து கிளம்பினேன். வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றது. மறுபடி எடுத்தேன், மறுபடி துள்ளியது. மூன்றாவது தடவை எதிர்வீட்டுக்காரர் பல் துலக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். என்ன தவறு என்று யோசித்தேன். கிளட்சிலிருந்து காலை எடுப்பது ஒரே செயல் என்று நினைத்திருந்தேன். அதற்குள் ஒரு தொடக்கம், நடு, முடிவு இருப்பது தெரியவில்லை.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மனைவி கேட்டாள்: "பதினெட்டு வருசம் அங்கன கார்தான் ஓட்டினீங்களா மச்சான், இல்ல எங்ககிட்ட சும்மா சொன்னீங்களா?"

இறங்கிய கண்ணாடி

அங்கே ஸ்டீயரிங் இடது பக்கம். கைக்கு ஏதாவது வேலை என்றால் அது வலது கைக்கு. இங்கே கியர் இடது கைப் பக்கம் இருக்கிறது. மூளைக்கு இது முதல் நாளே புரிந்துவிட்டது, கைக்குப் புரியவில்லை. கியர் என்று நினைத்த மாத்திரத்தில் வலது கை போய்க் கதவுக் கண்ணாடியைச் சுற்றும் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளும். கியர் விழாது, கண்ணாடி இறங்கும்.

முன் சீட்டில் ஜெபமணி டீச்சர். மூவரில் மூத்தவர். மடியில் ஒரு கட்டு நோட்டும் கையில் சிவப்புப் பேனாவுமாக வழி முழுக்கத் திருத்திக்கொண்டே வருவார். அந்த ஒரு வசதிக்காகத்தான் பஸ்ஸை விட்டுவிட்டு வந்தார். உச்சிப்புளி தாண்டியதும் நான் மூன்றாவது கியர் போட நினைக்க, கண்ணாடி இறங்கி, மணல் காற்று உள்ளே நுழைந்து, நோட்டுகளின் பக்கங்களை எல்லாம் படபடவென்று புரட்டியது. அவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "காத்து வேணும்னா நானே கேப்பேன் பாய்."

கருவாட்டு மழை

இண்டிகேட்டரும் இடம் மாறியிருந்தது. திரும்பும்போதெல்லாம் வைப்பர் ஓடும். காய்ந்த கண்ணாடியில் ரப்பர் தேய்ந்து கிறீச்சிடும். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. யாருக்கு என்ன நஷ்டம்.

பாம்பன் தாண்டி ஒரு நாள் ஆட்டோவுக்கு ஒதுங்கப் போய் வைப்பரைப் போட்டுவிட்டு, நிறுத்தவும் மறந்து ஓட்டிக்கொண்டிருந்தேன். சாலையோர மணலில் சாக்கு விரித்துக் கருவாடு காயவைத்திருந்த ஒரு அம்மா எங்களைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு அத்தனையையும் கூடையில் அள்ள ஆரம்பித்துவிட்டார். எனக்கு விளங்கவில்லை. பின் சீட்டிலிருந்த முருகேஸ்வரி டீச்சருக்கு விளங்கிவிட்டது, அறிவியல் எடுப்பவர். "பாய், வைப்பர்," என்றார். வண்டியை நிறுத்தினேன். பாண்டி சார் உடற்கல்வி ஆசிரியர், சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார். நாங்கள் எல்லோருமாகக் கருவாட்டைத் திரும்ப விரித்தோம். பள்ளி மணி அடிக்கச் சற்று முன்னால்தான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போய்ச் சேர்ந்தார்கள், மூவரும் ஒரே வாசனையோடு.

அந்த அம்மா என்னிடம் சொன்னது: "வைப்பர ஆட்டிக்கிட்டு வாரீக, அங்கிட்டு மழைன்னுல்ல நெனச்சேன். ஊரை ஏமாத்துறதுக்குன்னே கார் வாங்கினீகளா?"

பலகை இல்லை

இரண்டாவது வாரம் காருக்குள் கருகல் வாசனை. ராமநாதபுரத்தில் சேகர் என்ற மெக்கானிக்கிடம் விட்டேன். கிளட்ச் போய்விட்டது என்றார். ஒரு வாரத்தில் எப்படிப் போகும் என்று கேட்டதற்கு, என்னை உட்காரச் சொல்லி என் காலைப் பார்த்தார். இடது கால் தானாகக் கிளட்ச் மிதி மேல் போய் உட்கார்ந்தது. பதினெட்டு வருஷம் அந்த இடத்தில் பலகை இருந்ததல்லவா. நான் ஓய்வெடுப்பதாக நினைத்த நேரமெல்லாம் அது தேய்ந்துகொண்டிருந்திருக்கிறது.

கழற்றிய கிளட்ச் தட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சின்னத் தோசைக்கல் போல, ஓரம் கருகி, மெல்லியதாக. எஞ்சினும் சக்கரமும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்வது இந்த ஒரு தட்டின் வழியாக. எத்தனையோ விலையுயர்ந்த கார் ஓட்டியும் இதைக் கண்ணால் பார்த்ததில்லை. காரில் போட்டு வைத்தேன். மறுநாள் முருகேஸ்வரி டீச்சர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இத எனக்குத் தாங்க பாய். உராய்வுப் பாடத்துக்கு இதைவிட நல்ல சாமான் கெடைக்காது."

மண்டபத்துக்கு முன்னால்

இதைச் சொல்ல எனக்குக் கூச்சம்தான். பாண்டி சார் தினமும் துபாய்க் கார்களின் வேகத்தைக் கேட்பார். அன்று நானும் விவரமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். மண்டபத்துக்கு முன்னால் நேரான சாலை, முன்னே ஒரு பஸ். எதிரே தூரத்தில் மீன் லாரி. பழைய கணக்கில் அது தாராளமான இடைவெளி. வலது பக்கம் ஏறி மிதித்தேன். அங்கே மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டும். இங்கே சத்தம் மட்டும் கூடியது. பஸ்ஸின் பின்சக்கரம் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது, லாரி பெரிதாகிக்கொண்டே வந்தது. பிரேக்கை அழுத்திப் பஸ்ஸுக்குப் பின்னால் வந்து ஒடுங்கினேன்.

அன்று சாயங்காலம் பாண்டி சார் தனியாக வந்து, ஜெபமணி டீச்சர் பழைய பஸ் நேரத்தை விசாரிக்கிறார் என்று சொன்னார். மாதம் முடிய எட்டு நாள் இருந்தது. ஆனால் எனக்கு அதைவிட உறைத்தது காலையில் பள்ளி வாசலில் இறங்கும்போது டீச்சர் காட்டிய நோட்டு. மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை ஒரு சிவப்புக் கோடு. "இந்தப் புள்ள ஒரு தப்பும் பண்ணல பாய். நானும் இந்தக் கோட அடிக்கல. இவ அம்மா வந்து கேட்டா யாரக் கை காட்டட்டும்?"

ஞாயிற்றுக்கிழமைப் பரிசோதனை

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியை முன் சீட்டில் உட்கார வைத்து, மடியில் ஒரு நோட்டும் கையில் சிவப்புப் பேனாவும் கொடுத்தேன். ஏர்வாடி சாலையில் நான் ஓட்ட, அவள் நேர்கோடு போட்டுக்கொண்டே வர வேண்டும். சிரித்தாள், ஆனால் போட்டாள். நிறுத்திப் பார்த்தால் கியர் மாற்றிய இடமெல்லாம் கோட்டில் ஒரு மேடு. எந்தக் கியரில் எவ்வளவு என்று தாளிலேயே தெரிந்தது. எனக்குப் பசி மறந்துவிட்டது. போனோம், வந்தோம், மறுபடி போனோம். காதை எஞ்சினுக்கும் பாதத்தைக் கிளட்சுக்கும் கொடுத்தேன். மேடுகள் ஒவ்வொன்றாகத் தணிந்தன, ஒன்றைத் தவிர.

அவள் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சொன்னாள்: "மத்ததெல்லாம் நார்மல். ரெண்டாவது கியர்லதான் உங்களுக்கு நெஞ்சு வலி இருக்கு மச்சான்."

பாலத்து ஏற்றம்

மாதத்தின் கடைசி வெள்ளி. பாம்பன் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தோம். பக்கத்து ரயில் பாலத்தில் ரயில் வரவும், முன்னால் போன சுற்றுலா வண்டிகள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டன. படம் எடுக்க இறங்கிவிட்டார்கள். நான் ஏற்றத்தின் நடுவில். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் பஸ்ஸின் முகம், ஒரு முழ இடைவெளியில். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி பின்னால் உருளும். அவசரப்பட்டால் துள்ளி நிற்கும். கையெழுத்து நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஜெபமணி டீச்சர் எதையும் நிமிர்ந்து பார்க்காமல் திருத்திக்கொண்டிருந்தார். பேனா தாளில் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். முன் வண்டி நகர்ந்ததும் இடது காலை மெதுவாக, மிக மெதுவாக விட்டேன். ஓரிடத்தில் எஞ்சின் குரல் தாழ்ந்தது, வண்டியின் மூக்கு லேசாக நிமிர்ந்தது. அந்தத் தட்டு தொட்டுவிட்டது என்று பாதத்துக்குத் தெரிந்தது. ஹேண்ட்பிரேக்கை இறக்கினேன். வண்டி பின்னால் ஒரு விரற்கடைகூடப் போகவில்லை. ஐந்தாறு தடவை நின்று நின்று, அப்படியே பாலத்தின் உச்சிக்கு ஏறினோம்.

பள்ளி வாசலில் மற்ற இருவரும் ஓட்டமாக உள்ளே போனார்கள். ஜெபமணி டீச்சர் மட்டும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கடைசியாகத் திருத்திய நோட்டை ஒரு தடவை புரட்டினார். பிறகு கட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டே சொன்னார்: "திங்கக்கெழமையிலருந்து ஒம்பதாங் கிளாஸ் நோட்டையும் எடுத்தாரேன் பாய். டிக்கியில எடம் இருக்குல்ல?"

அடுத்த வாரம் விசா தன் பாட்டுக்குக் காலாவதியானது. பதினெட்டு வருஷம் ஓடி ஓடி உழைத்த வலது காலால் முடியாததை, அதுவரை பலகையில் சும்மா கிடந்த இடது கால் ஒரே மாதத்தில் செய்துவிட்டது.