சாப்பாட்டு மேசையில் ஒரு மின்நிலையம்

கொதிகலன் மூடியைத் திருகி இறுக்குவார், பாதி தளர்த்துவார், மறுபடி இறுக்குவார். இருபத்தாறு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். எதையும் ஒரே தடவையில் இறுக்கி அவருக்குப் பழக்கமில்லை. சாப்பாட்டு மேசையின் முக்கால் பங்கில் அவர் செய்த நீராவி இன்ஜின் உட்கார்ந்திருக்கிறது: செம்புக் குழாயை வெட்டிச் செய்த டம்ளர் அளவுக் கொதிகலன், அடியில் ஸ்பிரிட் விளக்கு, விரல் பருமனில் பிஸ்டன், ஒரு பித்தளைச் சக்கரம். மீதிக் கால் பங்கில் அவர் மனைவி சாப்பிடுகிறார்.

சக்கரத்திலிருந்து ஒரு ரப்பர் பெல்ட் குட்டி மோட்டாருக்குப் போகிறது. கரண்ட் கொடுத்தால் சுற்றுகிற மோட்டாரை நாம் சுற்றினால் அது கரண்ட் கொடுக்கும். அந்த மோட்டார் மனைவியின் டேப் ரெக்கார்டரில் இருந்தது.

"ரிப்பேர் பண்ணித் தரேன்னுதான் வாங்கினாரு. பாடிட்டிருந்த மோட்டாரு, இப்ப பல்பு எரிக்கப் போகுதாம்" என்கிறார் அந்த அம்மாள்.

இரண்டாம் நாளே ஒரு எல்.இ.டி. எரிந்தது. மைத்துனர் கைதட்டினார். "அதான் எரியுதே மாமா, கடையைக் கட்டுங்க."

இவர் ஒப்பவில்லை. "காலி லிஃப்ட் மேல போறது ஒரு பெருமையா? ஆள் ஏறணும்."

ஆள் என்று அவர் சொன்னது பழைய டார்ச் பல்பை. அதை மாட்டியதும் இன்ஜின் இரண்டு சுற்று முனகிவிட்டு நின்றுவிடும். நான்கு மாதமாக இதே கதை.

வருகிறவர்களிடம், விளக்கு ஏற்றாத நேரத்தில், சக்கரத்தை விரலால் சுற்றச் சொல்வார். லேசாகச் சுற்றும். பல்பின் ஒயரைச் சேர்த்ததும் இறுகும். "வெளிச்சம் கனக்குது பாத்தீங்களா?" மனைவி மட்டும் தொட்டதில்லை. "எனக்குக் கனக்கிறது இந்த மேசைதான்."

ஞாயிறு மதியம் மைத்துனர் குடும்பத்தோடு சாப்பிட வருவதாக இருந்தது. அதற்குள் பல்பு எரியாவிட்டால் இன்ஜின் பரணுக்கு என்று மனைவி கெடு வைத்துவிட்டார். "மேல போனா இறங்காது, சொல்லிட்டேன்."

"லிஃப்ட்காரன்கிட்டயே சொல்றா பாரு" என்று முணுமுணுத்தாலும் சனிக்கிழமை முழுக்க அவர் மேசையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. மோட்டாரில் பெல்ட் ஓடுகிற கப்பியைக் கழற்றிவிட்டுச் சற்றுப் பெரியதாக ஒன்று கடைந்து போட்டார். வேகம் குறையும், இன்ஜினுக்குச் சுமையும் குறையும்.

ஞாயிறு மதியம் விளக்கை ஏற்றினார். "யாரும் கை வைக்கக் கூடாது. தானா ஓடணும்." சக்கரம் ஓடியது. ஒயரைச் சேர்த்தார். பல்புக்குள் இழை சிவந்தது. சக்கரம் தளர்ந்தது, தளர்ந்தும் நிற்கவில்லை. பிறகு ஒரு சுற்றின் உச்சியில் அது தயங்கியது.

தட்டுகளோடு நின்றிருந்த மனைவி இடதுகை ஆள்காட்டி விரலை நீட்டி ஒரு தள்ளு தள்ளினார். ஓடியது. மறுபடி தயங்கியது, மறுபடி தள்ளினார்.

"கனக்கத்தான் செய்யுது" என்றார்.

வாசல் மணி அடித்தது. மனைவி பல்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தம்பிதான். தட்டை மடியில வச்சுச் சாப்பிடச் சொல்லுங்க."

கை வைக்கக் கூடாது என்றவர் ஒரு நாற்காலியை இழுத்து மனைவியின் பின்னால் போட்டுவிட்டுக் கதவைத் திறக்கப் போனார்.