பாலைமரத்திலிருந்து மூன்றாவது

பெரியம்மாவின் கல்லறை என்னுடையது என்றுதான் அந்த வயதில் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லறை என்று சொன்னாலும் அது வெறும் மண்மேடுதான். துணுக்காய்ப் பக்கம் காட்டோரமாக ஒரு சின்ன மாதா கோவில் இருந்தது. அதன் பின்னால் இருந்த சேமக்காலையில், பாலைமரத்திலிருந்து எண்ணிக்கொண்டு போனால் மூன்றாவது மேடு. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, கோவில் கோவிலாகத் தங்கி, கடைசியில் அந்தக் கோவில் வளவில் கொட்டில் போட்டு இருந்தபோது பெரியம்மா மலேரியாக் காய்ச்சலில் இறந்துபோனார். அவருடைய ஒரே மகளும் அதே காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் தாயின் அடக்கத்தைக் காணவில்லை. அடுத்த வருடமே அவளைக் கொழும்புக்குக் கொண்டுபோய், பிரான்சில் இருந்த பெரியப்பாவிடம் அனுப்பிவிட்டார்கள்.

அதன்பிறகு அந்த மேட்டுக்கு அம்மாவும் நானும்தான். ஒவ்வொரு நவம்பரிலும் மரித்தவர்களின் நாளன்று மண்வெட்டியையும் மெழுகுதிரியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவோம். நான் புல்லைப் பிடுங்குவேன். குளக்கட்டில் பொறுக்கிய வெள்ளைக் கற்களை மேட்டைச் சுற்றி அடுக்குவேன். அம்மா வீட்டில் அழுது நான் கண்டதில்லை. ஐந்து பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அழுவதற்கு அவருக்கு நேரமும் இருக்கவில்லை. அங்கே மட்டும் தன் அக்காவை நினைத்து அழுவார். அழுது முடிந்ததும் என்னை இழுத்து அணைத்து, என்ர குஞ்சு என்பார். ஐந்து பேரில் நடுவில் பிறந்த எனக்கு, அம்மா எனக்கு மட்டும் என்று இருந்தது வருடத்தில் அந்த அரைமணித்தியாலம்தான்.

சமாதான காலத்தில் பாதை திறந்ததும், பெரியப்பாவும் மகளும் மடுத் திருவிழாவையொட்டி ஓமந்தைச் சோதனைச்சாவடியால் வந்து சேர்ந்தார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது, நான் அக்கா என்று கூப்பிட்ட அந்த மகளுக்குப் பதின்மூன்று. முற்றத்தில் அவள் இறங்கியவுடன் அம்மா அவளுடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டு, அப்படியே தன் அக்காவின் நெற்றி என்றார். பிறகு மூக்கு, பிறகு சிரிப்பு. மாலைக்குள் பெரியம்மா முழுவதும் அவளில் வந்துவிட்டார். இரவு அவளுக்குக் கட்டில், எனக்குப் பாய். அவள் தண்ணீர் கேட்டால் கொதித்தாறிய தண்ணீர். கழிப்பிடத்துக்குப் போனால் வாசலில் ஒருவர் காவல். தமிழ் சரியாக வராததால் அவள் என் அப்பாவைப் பார்த்து, நீ சாப்பிட்டியா என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும்தான். நான் அப்படிக் கேட்டிருந்தால் என் முதுகில் பூவரசம் கம்பு முறிந்திருக்கும்.

இரண்டாம் நாள் காலையில் அம்மா அவளுக்குத் தலை இழுத்துவிட்டார். பின்னல் முடிந்ததும் உச்சியில் முகர்ந்து, என்ர குஞ்சு என்றார். நான் குசினி வாசலில் குந்தியிருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லுக்கு இன்னொருவர் இருக்கலாம் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

பெரியப்பாவுக்கு ஒரு நேர்த்தி இருந்தது. மனைவி இடம்பெயர்ந்து தங்கிய கோவில் ஒவ்வொன்றிலும் மகளின் கையால் மெழுகுதிரி கொளுத்தி, கடைசியாகக் கல்லறைக்குப் போவது. அப்படி மூன்று கோவில்கள். வாடகைக்கு ஒரு வான் பிடித்தார். பாதை தெரிந்தவர் அம்மா. சோற்றுப்பார்சல்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதால் நானும் போனேன். அம்மாவும் அக்காவும் நடுவில் இருந்தார்கள். பின்சீற்றில் பார்சல்களும் தண்ணீர்க் கானும் நானும்.

முதல் கோவிலுக்குக் கூரை இல்லை. பீடம் இருந்த இடத்தில் ஆடுகள் படுத்திருந்தன. சேமக்காலையைச் சுற்றி மண்டையோடு வரைந்த மிதிவெடிப் பலகைகள் நின்றதால் அந்தப் பக்கம் போகவில்லை. வாசல்படியிலேயே அக்கா திரி கொளுத்தினாள். காற்று மூன்று தரம் அணைத்தது. அம்மா முந்தானையால் மறைத்துக்கொண்டு பொறுமையாக நின்றார். இரண்டாவது கோவிலில் ஒரு கை உடைந்த அந்தோனியார் இருந்தார். கோவிலைப் பார்த்துக்கொண்டிருந்த கிழவரிடம் அக்கா, உனக்குப் பயம் இல்லையா என்று கேட்டாள். அவர் குளிர்ந்துபோய், பிள்ளை எவ்வளவு வடிவாகக் கதைக்குது என்று இளநீர் வெட்டிக் கொடுத்தார். எனக்கும் ஒன்று கிடைத்தது. அக்காவின் பேச்சுக்குக் கிடைத்த இளநீர் என்று அதைக் குடிக்காமல் வைத்திருந்து, தாகம் தாங்காமல் பிறகு வானுக்குள் குடித்தேன்.

போகிற வழியெல்லாம் அம்மா பெரியம்மாவின் கதைகளைச் சொன்னார். பெரியம்மா பூசையில் பாடியது, மழைக்குள் தன் சேலையைக் கிழித்துக் கொட்டிலுக்கு மறைப்புக் கட்டியது. எனக்கு ஒருநாளும் சொல்லாத கதைகள். மாதா கோவிலுக்குப் போனதும் இந்தப் பிள்ளையை என் அக்காவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தவேண்டும், அதற்குத்தானே இவ்வளவு காலமும் இருந்தேன் என்று பெரியப்பாவிடம் சொன்னார். நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வருடமாகப் புல்லுப் பிடுங்கியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மாதா கோவிலில் இறங்கியதும், பூக்களுக்குத் தண்ணீர் வேண்டும் என்று அம்மா கிணற்றடிக்குப் போனார். பெரியப்பா கோவிலுக்குள் முழந்தாளிட்டுவிட்டார். அக்காவால் காத்திருக்க முடியவில்லை. என் கையைப் பிடித்துச் சேமக்காலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அது ஆவணி மாதம். புல் இடுப்பளவில் காய்ந்து நின்றது. மரச் சிலுவைகளைக் கறையான் தின்றுவிட்டது. நான் அடுக்கிய கற்களைப் போன மாரிமழை மண்ணால் மூடியிருந்தது. எல்லா மேடும் ஒரேமாதிரிக் கிடந்தன. அவள் பாலைமரத்தடியில் நின்று சுற்றிப் பார்த்தாள்.

"எது அம்மா?" என்று கேட்டாள்.

நான் இரண்டாவது மேட்டைக் காட்டினேன்.

அதை நான் திட்டமிடவில்லை. கை அப்படித்தான் போனது. மூன்றாவதை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அக்கா புல்லின்மேலேயே விழுந்து, இரண்டு கையாலும் அந்த மண்ணை அணைத்துக்கொண்டாள். பிரெஞ்சில் ஏதேதோ சொன்னாள். நடுநடுவே அம்மா என்ற ஒரு சொல் மட்டும் எனக்கு விளங்கியது. இவ்வளவு அழுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெரியப்பா ஓடிவந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டார்.

அம்மா வாளியோடு வந்தார். மூன்றாவது மேட்டை நோக்கி வந்தவர் இடையில் நின்றார். அவர்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இப்போது சொல்லப்போகிறார், எல்லோர் முன்னாலும் என் கதை முடியப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன். வாளியை நிலத்தில் வைக்கும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தபோது அம்மா அக்காவின் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தார்.

"அழு குஞ்சு, நல்லா அழு," என்று அவளின் முதுகைத் தடவினார்.

பிறகு இரண்டு பேருமாகப் புல்லைப் பிடுங்கி, பூ வைத்துத் திரி கொளுத்தினார்கள். அக்கா பிலிம் றோல் போட்டு வந்த சின்னக் குப்பியில் அந்த மண்ணை அள்ளி மூடிக்கொண்டாள். பெரியப்பா கண்ணைத் துடைத்துவிட்டு, இதை இப்படி விடக்கூடாது, சீமெந்தால் கட்டிப் பெயர் எழுதவேண்டும், இன்றைக்கே ஆள் பிடிக்கிறேன் என்றார்.

"அவசரமில்லையே அத்தான், ஆறுதலாச் செய்வம்," என்றார் அம்மா.

"இந்த முறை விட்டால் பிறகு எப்ப வருவனோ பிள்ளை," என்றார் பெரியப்பா. அம்மா குனிந்து வாளியை எடுத்துக்கொண்டார்.

திரும்பும்போது அக்கா அம்மாவின் மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டாள். நான் வீட்டில் விழப்போகிற அடியை எண்ணிக்கொண்டிருந்தேன். அடி விழவில்லை. அன்றைக்குமில்லை, அவர்கள் பிரான்சுக்குப் போன பிறகுமில்லை.

நவம்பரில் அம்மாவும் நானும் போனபோது இரண்டாவது மேட்டின்மேல் சீமெந்துக் கல்லறை எழும்பியிருந்தது. நீல மையில் பெரியம்மாவின் பெயரும் இறந்த திகதியும். அம்மா என்னிடம் மண்வெட்டியைத் தந்து இரண்டு இடத்தையும் துப்புரவாக்கச் சொன்னார். முதல் திரியைச் சீமெந்தில் வைத்தார். அடுத்ததை வழக்கமான மண்ணில் குத்தினார். எனக்குப் பொறுக்கவில்லை. சீமெந்துக்குக் கீழே இருப்பது யார் என்று கேட்டேன். மலைநாட்டிலிருந்து வயல்வேலைக்கு வந்த ஒருவர், தனிக்கட்டை, பாம்பு கடித்துச் செத்தவர், பெயர்கூடத் தெரியாது என்றார்.

"இனி அவருக்கும் நாங்கள்தான்," என்றார்.

அப்படியென்றால் அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என் வாயாலேயே மாட்டிக்கொண்டேன் என்று தெரிந்தது. அம்மா திரியில் வழிந்த மெழுகை விரலால் சரிசெய்துகொண்டிருந்தார்.

"அந்தப் பிள்ளை ஏழு வருசமா வைச்சிருந்த அழுகையை அழுது முடிச்சிட்டுது. எழும்பு, இது இல்லை எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

நீ ஏன் அப்படிச் செய்தாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தப்பிவிட்டேன் என்று ஆறுதலாக இருந்தது. அக்காவிடமிருந்து ஒன்றைப் பறித்துவிட்டேன் என்ற பயம் மட்டும் நெடுநாள் இருந்தது. அவளோ தாயிடம் போய்வந்த நிறைவோடு பிரான்சுக்குப் போய், அந்தக் குப்பியைப் படத்துக்கு முன்னால் வைத்திருப்பதாகக் கடிதம் எழுதினாள். அவளுக்கு ஒன்றும் குறையவில்லை.

அந்த ஆவணி நாளில் நான் கவனித்த ஒன்று இருக்கிறது. அக்காவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அம்மாவின் கண் காய்ந்துதான் இருந்தது. சொந்த அக்கா இரண்டடி தள்ளிக் கிடக்க, யாரோ ஒருவரின் மேட்டில் அவர் பூ வைத்துக்கொண்டிருந்தார். நான் அதை வேறுமாதிரி எடுத்துக்கொண்டேன். என்னோடு வந்தால் அழுகிற அம்மா இவளோடு வந்து அழவில்லையே, இவளில் அவ்வளவு பாசமில்லைப் போலும் என்று, காலியான சோற்றுப்பார்சல்களுக்கு நடுவில் இருந்தபடி வீடு வரும்வரை எனக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தேன்.