இடது கைக்கு வைத்த பட்டன்கள்

என் அக்காவின் கணவருக்கு, அதாவது அத்தானுக்கு, அடுத்தவர் வந்து சொல்லிக்கொடுத்தால் ஆகாது. அச்சுக்குப் போகும் பக்கங்களைக் கம்ப்யூட்டரில் வடிவமைத்துக் கொடுப்பது அவர் தொழில். பள்ளி ஆண்டு மலர், கடை விளம்பரம், விசிட்டிங் கார்டு எல்லாம் அவர் கையில்தான் ஒழுங்காகும். அந்த மென்பொருளுக்கு ஒரு கெட்ட பழக்கம். சற்று சும்மா இருந்தால் போதும், மூலையில் ஒரு பெட்டி எட்டிப் பார்த்து 'உதவி வேண்டுமா?' என்று கேட்கும். "இவன் யாரு எனக்கு வாத்தியார்?" என்று முதல் வேலையாக அதை அணைத்துப்போட்டார்.

பிறகு திரையையே தன் வழிக்குக் கொண்டுவந்தார். மேலே இருந்த பட்டன்களையெல்லாம் மறைத்தார். வலது கை மவுஸில் இருக்குமே, அதனால் வெட்ட, ஒட்ட, எழுத்தைப் பெரிதாக்க, பத்தியை நகர்த்த என்று எல்லாவற்றையும் கீபோர்டின் இடது பக்கத்தில், இடது கை விரல்களுக்குத் தோதாக மாற்றிவைத்தார். வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சேர்த்தது. கட்டிய பெண்டாட்டியைக்கூட இப்படிக் கவனித்ததில்லை என்று அக்காவைச் சீண்டுவேன். அவளும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்பாள்.

அப்புறம் அத்தானுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் பேச்சும் போயின. நாம் சொல்வது பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. பழகிய வேலையில் மறுபடி உட்காரவைத்தால் தேறிவர வாய்ப்பிருக்கிறது என்றார் மருத்துவர். அக்கா அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள். அவர் திரும்புகிறவரை கடையை மூடக்கூடாது என்று, அதுவரை வாசலில் வாடிக்கையாளரைக் கவனித்தவள், உள்ளே போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். உதவிப் பக்கத்தைத் திறந்தால் 'வெட்டுவதற்கு, மேலே இடது மூலையில் உள்ள கத்தரிக்கோல் படத்தை அழுத்தவும்' என்றது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. "யாரோ வீட்டுக்கு வழி சொல்லுதுடா இது" என்று அழுதாள். பள்ளிக்காரர்களோ மலர் எங்கே என்று நெருக்கினார்கள். கடைசியில் மென்பொருள் நிறுவனத்துக்குப் போன் போட்டாள். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோக ஒரு பட்டன் உண்டு, அதை அழுத்துங்கள், பிறகு உதவியில் சொல்வது அப்படியே திரையில் இருக்கும் என்றார். இருப்பதை முதலில் ஒரு நகல் எடுத்துவையுங்கள் என்று ஒரு வார்த்தை அந்த ஆள் வாயிலும் வரவில்லை, அந்த உதவிப் பக்கத்திலும் இல்லை. நாசமாய்ப் போக! இவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவசரத்தில் அண்டாவுக்குள்கூடக் கை நுழையாது. அழுத்தினாள். கத்தரிக்கோல் வந்தது. மலரும் அச்சுக்குப் போனது.

மழை விட்ட ஒரு காலையில் நானும் அக்காவும் அத்தானைத் தாங்கிக் கடைக்குக் கூட்டிவந்தோம். நாற்காலியில் உட்கார்ந்ததும் முகத்தில் பழைய களை. இடது கை தானாகக் கீபோர்டுக்குப் போனது. விரல்கள் ஒரு தடுமாற்றம் இல்லாமல், நோய்க்கு முன்னால் ஓடியபடியே ஓடின. அக்கா என் தோளை இறுக்கிப் பிடித்தாள். சந்தோஷத்தில் எனக்கும் கண் கலங்கிவிட்டது.

திரையில் எழுத்து பெரிதாகவில்லை, பத்தி நகரவில்லை. எழுத்துகள் கண்டபடி கொட்டின. ஒரு பக்கம் காணாமல் போனது. மறுபடி அழுத்தினார், மறுபடியும் அதே கூத்து. மூலையில் பெட்டி எட்டிப் பார்த்து 'உதவி வேண்டுமா?' என்றது.

அத்தான் திரையைப் பார்க்கவில்லை. தன் இடது கையைப் பார்த்தார்.

அக்கா தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "உங்க கை நல்லாத்தான் இருக்குங்க. நான்தான் எல்லாத்தையும் மாத்திட்டேன். சத்தியமா நான்தான்."

அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்தப் பட்டன்களைப் பழையபடி வைக்க அக்கா இப்போதும் முயல்கிறாள். எது எதற்கென்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கீபோர்டைக் கழற்றிவந்து படுக்கையில் வைத்து, ஒன்றையாவது காட்டுங்கள் என்று கெஞ்சுகிறாள். அவர் இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்கிறார்.