வைசன் செய்த காகித நாற்காலிகள்

உலேமுவை வகுப்பில் சேர்த்துக்கொள்ள முடியாது என்று சொன்னவள் நான்தான். அதை மறைத்துவிட்டு அவள் அப்பா வைசன் லிகோம்பாவைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது.

அந்த வருஷம் என் ஒன்றாம் வகுப்பில் நூற்று நாற்பத்து மூன்று பிள்ளைகள். ஒரே அறை, பெஞ்சு கிடையாது, எல்லோருக்கும் சிமெண்டுத் தரைதான். சேர்க்கை நாளில் நம்பிரி சந்தையில் சைக்கிள் பழுது பார்க்கும் வைசன் வந்து நின்றான். பெண்கள் பிள்ளை சுமக்கக் கட்டும் பூப்போட்ட துணியால் மகளை முதுகில் கட்டியிருந்தான். ஆண்பிள்ளை அப்படிக் கட்டி நாங்கள் பார்த்ததில்லை. வரிசையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"மேடம், இவளுக்கு ஏழு வயசாச்சு. பேர எழுதிக்குங்க."

"அண்ணே, இவளால உக்காரவே முடியலையே. பேச்சும் இல்ல. இத்தன புள்ளைங்க நடுவுல நான் இவள எங்க கிடத்துவேன்?"

"உக்காந்துட்டா சேத்துக்குவீங்களா?"

"மொதல்ல உக்காரட்டும், அப்புறம் பாக்கலாம்."

ஆளை அனுப்பிவைக்கச் சொன்ன பேச்சு அது. அவன் அதை வாக்காக எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மலாவியில் மற்ற பக்கங்களில் எப்படியோ, சோம்பா மலைக்குக் கீழே எங்கள் ஊர்களில் கல்யாணமானால் ஆண்தான் பெண் வீட்டு ஊருக்குக் குடிவருவான். வைசனும் அப்படித்தான் லைனெஸைக் கட்டிக்கொண்டு வந்தவன். உலேமு பிறந்தபோது லைனெஸுக்கு இரண்டு நாள் வலி. பிறந்த குழந்தை அழவில்லை. இரண்டு வயதாகியும் தலை நிற்கவில்லை, கைகால்கள் விறைத்துக்கொண்டன. இப்படிப் பிள்ளை பிறந்தால் எங்கள் பக்கத்துப் புருஷன்மார் பலர் பெண்டாட்டியைக் குறை சொல்லிவிட்டுச் சொந்த ஊருக்கு நடையைக் கட்டுவார்கள். ஊரும் அதையே எதிர்பார்த்தது. அவன் அண்ணன் கூட்டிப்போகவே வந்துவிட்டான்.

"நம்ம வம்சத்துல இப்படி ஒண்ணு பொறந்ததில்ல. துணிமணிய எடு, கெளம்பு."

"சைக்கிளப் பிரிச்சுப் போட்டிருக்கேண்ணே. திரும்ப மாட்டினதும் வர்றேன்" என்றான் வைசன்.

அண்ணன் இரண்டு நாள் தங்கிப் பார்த்தான். கழற்றிய சைக்கிளை வைசன் தொடவே இல்லை. அண்ணன் கோபித்துக்கொண்டு போனான்.

நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து மாதம் ஒருமுறை இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு அம்மா எங்கள் சுகாதார நிலையத்துக்கு வருவார். உலேமுவைத் தூக்கிக்கொண்டு வைசன்தான் போவான். இருபது தாய்மாருக்கு நடுவே ஒற்றை ஆண். பிள்ளையைப் படுக்கவைத்து ஊட்டினால் கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், உட்கார்த்தி, முகவாயைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்து ஊட்ட வேண்டும் என்று அங்கேதான் கற்றான். காகிதத்தில் நாற்காலி செய்யவும் அங்கேதான் படித்தான். கடையில் வீசும் அட்டைப் பெட்டி, பழைய செய்தித்தாள், ஒட்டுவதற்கு மாவுக் கூழ். அட்டைமேல் அட்டையாக ஒட்டி, வெயிலில் காயவைத்து, மறுபடி ஒட்டி, பலகை போல இறுக்க வேண்டும்.

நான் முடியாது என்ற பிறகு அவன் அந்த வேலையில் இறங்கினான். மாசி மாதப் பஞ்சம், புதுச் சோளம் விளைய இன்னும் நாள் இருந்தது. சந்தை விடுமா?

"மனுசன் கஞ்சிக்கே மாவு இல்ல, இவன் காகிதத்துக்கு ஊட்டிக்கிட்டு இருக்கான் பாரு!"

"கெட்டுப்போன மரவள்ளி மாவு, தாயி. வேணும்னா நீங்க குடிங்க" என்பான் வைசன், கையை எடுக்காமல்.

முதல் நாற்காலி மழையில் கரைந்துபோனது. இரண்டாவது சாய்வு சரியில்லை, பிள்ளை வழுக்கினாள். மூன்றாவதில் இடுப்புக்கு டியூப் ரப்பரில் பட்டை வைத்தான், தலைக்கு இருபக்கமும் அணை, முன்னால் ஒரு தட்டு. மேலே பச்சை வண்ணம் அடித்தான். உலேமு அதில் நிமிர்ந்து உட்கார்ந்து, தன் வீட்டு வாசலை முதன்முதலாக நேர்ப்பார்வையாகப் பார்த்தாள் என்று லைனெஸ் சொல்வாள்.

அடுத்த வருஷம் பள்ளி திறந்த அன்று, சைக்கிள் கேரியரில் நாற்காலி, முதுகில் மகள்.

"உக்கார வெச்சுட்டேன் மேடம். இப்ப எழுதுங்க."

எழுதினேன். வேறு என்ன செய்ய முடியும்?

இடைவேளைதோறும் வந்து அவளைத் தூக்கி, கழிப்பறைக்குக் கொண்டுபோய், தண்ணீர் கொடுத்துவிட்டுப் போவான். "மேல பாத்தா 'ஆமா'. கண்ண மூடினா 'இல்ல'" என்று எனக்குச் சொல்லிவைத்தான். பெற்றவன் ஆசைக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். ஒருநாள் அவன் இல்லாத நேரம் பார்த்து அவள் பக்கத்தில் குந்தினேன்.

"அஞ்சு மாம்பழம் இருந்துச்சு. ரெண்ட நான் தின்னுட்டேன். மிச்சம் நாலா?"

கண்ணை மூடினாள்.

"மூணா?"

மேலே பார்த்தாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. குரலைக் கடுமையாக்கி, "நல்லா யோசி, ரெண்டுதானே?" என்றேன். கண்ணை இறுக்கி மூடித் திறந்து, வாய் கோணக் கலகலவென்று சிரித்தாள். டீச்சருக்கே கணக்கு வரவில்லை என்ற சிரிப்பு. அன்று மீதி வகுப்பை எப்படி நடத்தினேன் என்று எனக்கு நினைவில்லை.

விடுமுறை நாட்களில் உலேமு அப்பாவின் கடையில்தான் இருப்பாள். என் சைக்கிள் பிரேக்கைச் சரிசெய்யப் போயிருந்த ஒருநாள் கரி விற்கும் சைதியும் அங்கே இருந்தான். வைசன் இரண்டு ஸ்பானரை மகள் முன் நீட்டி, "பதிமூணா, பதினஞ்சா?" என்றான். அவள் பதினைந்தைப் பார்த்தாள். நட்டு கழன்றது.

"என்ன வைசன், வேலைக்கு ஆள் வெச்சுட்ட போல!" என்று சிரித்தான் சைதி. "பேசாத புள்ளைக்கு என்ன தெரியும்?"

"நீயே கேட்டுப் பாரேன்."

"சரி பாப்பா. அந்தக் கரி ஒட்டின சைக்கிள் மேடத்தோடதா?"

உலேமு கண்ணை மூடினாள். பிறகு சைதியின் கறுத்த கையைப் பார்த்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். சைதியின் சிரிப்பு நின்றது. வண்டி தயாரான பிறகும் அவன் போகவில்லை. குனிந்தபடி கேட்டான்.

"அஞ்சு வயசுப் பையனுக்குன்னா இந்த மாதிரி நாக்காலி எவ்ளோ உயரம் வேணும்?"

அவனுக்கு அப்படி ஒரு பிள்ளை இருப்பது சந்தையில் ஒருவருக்கும் தெரியாது. வைசன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அளக்காம எப்படிச் சொல்றது? வீட்டுக்கு வர்றேன்."

"வேணாம்ப்பா. அக்கம்பக்கம் பேசும்."

"சைக்கிள் பாக்க வந்தேன்னு சொல்லிக்கோ."

அப்படியே கையில் ஸ்பானர், பையில் அளவு நாடாவோடு போனான். துணைக்கு என்னையும் அழைத்தான். பின்னறைப் பாயில் சுவரைப் பார்த்தபடி யூசுஃபு கிடந்தான், சுள்ளியாய் மெலிந்து. அவன் அம்மா படுத்தவாக்கிலேயே கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் புரையேறியது. வைசன் பையனைத் தூக்கி மடியில் நிமிர்த்தி, முகவாயைப் பிடித்துக் காட்டிவிட்டு எழுந்தான்.

"இந்தா, நீ புடி."

"நானா? எனக்கு இதெல்லாம் வராது" என்று சைதி பின்வாங்கினான்.

"எனக்கு மட்டும் வந்துச்சா? ஒக்காருய்யா. அப்பன் நீதான்."

சைதி உட்கார்ந்தான். கரிமூட்டை தூக்கும் அந்தக் கைகளால் பையனை மடியில் வாங்கி, வைசன் காட்டியபடி முகவாயைப் பிடித்தான். நிலக்கடலை கலந்த கஞ்சி ஒரு கோப்பை முழுவதையும் பிள்ளை ஒரு இருமல்கூட இல்லாமல் குடித்து முடித்தான். அவன் அம்மா வெளியே ஓடி, முற்றத்தில் விழுந்து வாய்விட்டு அழுதாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கம் எல்லாம் திரண்டு வந்துவிட்டது.

"என்னாச்சு? யாரு செத்துட்டா?"

"சாவலக்கா, சாப்ட்டான்! எம்புள்ள சாப்ட்டான்!"

ஐந்து வருஷம் ஒளித்துவைத்த பிள்ளையை ஊர் அன்று மாலைக்குள் பெயர் சொல்லி விசாரித்தது.

அதன்பின் சனிக்கிழமைதோறும் வைசன் கடைக்கு முன் அப்பாக்கள் கூட ஆரம்பித்தார்கள். முதலில் மூன்று பேர். இப்போது பதினொன்று. கால்பந்துச் சண்டை ஒருபக்கம், அட்டை ஒட்டுவது ஒருபக்கம். எப்படித் தூக்குவது, எப்படிக் குளிப்பாட்டுவது, ராத்திரி வலிப்பு வந்தால் எப்படி ஒருக்களித்துப் படுக்கவைப்பது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பார்கள். அவர்களே பள்ளிக்கு வந்து கழிப்பறைப் படியை உடைத்துச் சரிவுப்பாதை போட்டார்கள், கைப்பிடிக் கம்பு நட்டார்கள். அவர்கள் பிள்ளைகளில் ஏழு பேர் இப்போது பள்ளிக்கு வருகிறார்கள். எல்லாம் இனிப்பாகவே நடந்தது என்று சொல்ல மாட்டேன். அந்த அப்பாக்களில் இரண்டு பேர் சொல்லாமல் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். போன மழைக்காலத்தில் ஒரு சின்னவளைக் காய்ச்சல் கொண்டுபோனது. அவள் குழியை அந்த அப்பாக்களே தோண்டினார்கள். யூசுஃபுவும் இன்னும் பள்ளிக்கு வரவில்லை. ஆனால் சாப்பாட்டு வேளையில் அவன் நாற்காலி வாசலில் எல்லோருக்கும் நடுவே இருக்கிறது.

இந்த வருஷக் கடைசி நாளைச் சொல்லி முடிக்கிறேன். எங்கள் பள்ளியில் தவணை முடியும் அன்று பெற்றோர் முன்னிலையில் ஒவ்வொரு வகுப்பின் மதிப்பெண் வரிசையையும் தலைமையாசிரியர் உரக்க வாசிப்பார். உலேமு நான்காம் வகுப்பு. தேர்வில் விடைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, அவள் கண் சொன்னதை எழுதியது வேறு வகுப்பு ஆசிரியர். அவள்மேல் பாசம் உள்ளவள் என்பதால் நான் பக்கத்தில் போகக்கூடாது என்பது தலைமையாசிரியரின் கட்டளை. அதுவே சரி.

"நூத்திப் பதினெட்டுப் பேர்ல முப்பத்தொண்ணாவது, உலேமு லிகோம்பா!"

லைனெஸ் குலவையிட்டாள். பெண்கள் கூட்டம் முழுவதும் அதை வாங்கிக்கொண்டது. சைதி தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தான். வைசன் மட்டும் அசையாமல் நின்று, தலைமையாசிரியரைப் பார்த்து, "இன்னொரு தரம் வாசிங்கய்யா, பின்னாடி கேக்கலயாம்" என்றான். பின்னால் எல்லோருக்கும் நன்றாகவே கேட்டிருந்தது. ஆனாலும் அவர் மறுபடி வாசித்தார்.

அந்த வாரம் சந்தையில் பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கணக்கைக் கேட்டுவிட்டுத்தான் போக முடிந்தது.

"எம்பத்தேழு பேர முந்திட்டா எம்பொண்ணு."

"முன்னாடி முப்பது பேர் இருக்காங்களே, வைசன்!"

"இருக்கட்டும். அடுத்த தவணைக்கு அவ முந்துறதுக்கு ஆள் வேணாமா?"

கேட்டுக்கொண்டு நின்ற எனக்கும் பெருமையாக இருந்தது. அவள் பெயரைப் பதிவேட்டில் எழுதிய கை என் கைதான், கொஞ்சம் தாமதமாக எழுதியது என்றாலும்.