முதல் தட்டும் நாலு இஞ்சும்

திருச்செல்வம் கெட்டவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதையைக் கேட்டுவிட்டு அவனைத் திட்டுவீர்கள். பாச்சாங்கில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். வீடு புக்கிட் காத்திலில். குடிக்கமாட்டான், வம்புதும்புக்குப் போகமாட்டான். அவனுக்கிருந்த ஒரே பைத்தியம் அந்தக் கறுப்புப் பிக்கப் வண்டிதான். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. வண்டி வாங்கின கையோடு, காட்டுச் சேற்றில் ஓட்டுகிற கூட்டம் ஒன்றிலும் சேர்ந்துகொண்டான். சேர்ந்தானே தவிர, சேற்றில் இறங்கியது ஒரே ஒரு தடவை. அன்றைக்கும் ஓட்டின நேரத்தைவிடக் கழுவின நேரம்தான் அதிகம்.

பிறந்து வளர்ந்தது ஏழாங்கட்டைத் தோட்டத்தில். கித்தா என்கிற ரப்பர் மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்களில் பாதி காலியாகி, மிச்சமிருக்கிற சனங்கள் ஒன்றுகூடுவதற்கு ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. அவனுடைய அம்மா பெரியநாயகி இன்னும் அங்கேதான் இருக்கிறாள். புதுக் குடியிருப்பில் இருக்கிற தன் வீட்டுக்கு வா என்று மகன் கூப்பிட்டால், “உங்க தாமான்ல பேச்சுத்துணைக்கு ஒரு நாய்கூட இல்லடா” என்பாள்.

திருவிழாவன்று அம்மன் வண்டியேறி லயம் லயமாக வருவாள். வண்டி கொடுக்கிற வீட்டுக்குத்தான் முதல் தட்டு. அந்த வீட்டில் வயதில் மூத்த பெண் கோயில் வாசலில் நின்று தேங்காய், பழம், கற்பூரத்தோடு அர்ச்சனைத் தட்டை வண்டிமேல் இருக்கிற பூசாரிக்கு நீட்டவேண்டும். அதை அம்மனுக்குக் காட்டின பிறகுதான் வண்டி நகரும். இத்தனை காலமும் லாரி வைத்திருந்த காண்டிராக்டர் வீட்டுக்கே போன மரியாதை அது. பெரியநாயகி கடைசி லயத்துக்காரி. அம்மன் அவள் வாசலுக்கு வரும்போது பூசாரிக்கே கொட்டாவி வந்துவிடும்.

இந்த வருடம் காண்டிராக்டர் லாரியை விற்றுவிட்டார். சேதி தெரிந்ததும் திருச்செல்வம் கோயில் தலைவர் தங்கையாவிடம் ஓடினான்.

“அம்மன நான் ஏத்திக்கிட்டுப் போறேன் அண்ணே.”

தங்கையா உடனே தலையாட்டவில்லை. அளவுநாடாவோடு வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றி அளந்தார். பின்பெட்டிக்கு மேல் பலகை மேடை, மேடையைச் சுற்றிப் பூ கட்டின தடுப்பாகப் பூத்தட்டி. “பொம்பளைங்க கைக்கு எட்டணும்பா. உங்கம்மா உயரத்த வச்சே போட்டுர்றேன்” என்றார். பெரியநாயகி நாலரை அடிதான். பேருக்கும் உயரத்துக்கும் சம்பந்தமே கிடையாது. அதோடு தோள்பட்டை பிடிப்பு வேறு, கையைத் தலைக்குமேல் தூக்கினால் உயிர் போகும்.

சேதி கேட்டதிலிருந்து அவள் கால் தரையில் பாவவில்லை. அரக்குப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்தாள், வெயிலில் போட்டாள், மடித்தாள், திரும்பவும் எடுத்தாள். பக்கத்து வீட்டுக் கருப்பாயிக்கு அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனது. “சரி பெரியநாயகி, மொத தட்டு ஒனக்குத்தான், ஊருக்கே தெரியும். இப்ப என்னைய சமைக்க விடு!”

இத்தோடு நின்றிருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. நம்ம ஆளால் சும்மா இருக்க முடிந்ததா?

சேற்றுக் கூட்டத்தில் நிவேந்திரன் என்று ஒருவன். ஒருநாள் தங்கா பத்து கடற்கரையில் வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். திருச்செல்வத்தின் வண்டி மட்டும் குட்டையாகத் தெரிந்தது. நிவேந்திரன் சிரித்துக்கொண்டே, “பசாருக்குச் சாயூர் ஏத்துற வண்டி மாதிரி இருக்கு லா புரோ” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். திருச்செல்வமும் கூடச் சேர்ந்து சிரித்தான். ஆனால் அந்தச் சொல் வீடு வரைக்கும் கூடவே வந்தது. காய்கறி வண்டியா? அம்மன் ஏறப்போகிற வண்டி! தோட்டமே பார்க்கப்போகிற வண்டி!

மறுவாரமே நிவேந்திரனையும் இழுத்துக்கொண்டு பாச்சாங்கில் ரியாஸ் வொர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டான். வண்டியைத் தூக்கிக் கட்ட வேண்டும். அதற்கென்றே ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்த்து லிஃப்ட் கிட் என்று விற்கிறார்கள்.

“எத்தன இஞ்சு தூக்கணும்ணே?” என்று கேட்டான் ரியாஸ். “ரெண்டு போதும். நாலு போட்டா வளைவுல ஆடும், ஏறி இறங்கவும் கஷ்டம். வீட்டுல வயசானவங்க ஏறுவாங்களா?”

அம்மாவை மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது இதே வண்டியில்தான். நிவேந்திரன் பக்கத்தில் நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“யாரும் ஏறமாட்டாங்க, நான் மட்டும்தான்” என்றான் திருச்செல்வம்.

“பின்னால பாரம் ஏத்துவீங்களா? அதுக்குத் தகுந்த ஸ்பிரிங் போடணும்.”

“எப்பவும் பாரம்தான் லா. வின்ச், இரும்பு பம்பர், கூடாரம்.”

ஒரு கோரைப்பாய்கூட அந்த வண்டியில் ஏறினது கிடையாது. அளந்துவிட்டுப் போன தங்கையாவின் ஞாபகமாவது வந்ததா? வந்தது. நாலு இஞ்சுதானே, அதில் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைத்துக்கொண்டான். கிட் நாலு இஞ்சு, பெரிய டயர் அதற்கு மேல். கட்டைபோல விறைத்த பாரவண்டி ஸ்பிரிங் வேறு. வேலை முடிந்து வண்டி இறங்கியபோது நிவேந்திரன் முதுகில் தட்டி, “இப்பதான் வண்டி!” என்றான். திருச்செல்வத்துக்குத் தலைகால் புரியவில்லை.

திருவிழாவன்று சாயங்காலம்தான் வண்டியைக் கோயிலுக்குக் கொண்டுவந்தான். தங்கையா பார்த்தார். ஒருமுறை வண்டியையும் ஒருமுறை அவனையும் பார்த்தார். பழைய அளவுக்குச் செய்துவைத்த மேடையை மாற்ற நேரமில்லை. “ஏத்துங்கப்பா” என்று மட்டும் சொன்னார். அம்மனை ஏற்றுவதற்குள் நாலு பேருக்கு மூச்சு வாங்கிவிட்டது. அம்மனும் பூசாரியும் மட்டும் ஏறின வண்டிக்கு அத்தனை விறைப்பான ஸ்பிரிங் என்றால் கேட்கவேண்டுமா, கோயில் வாசல் மேட்டில் ஏறும்போதே வண்டி துள்ளியது. பூசாரி அம்மன் இடுப்பைக் கட்டிக்கொண்டார். “தம்பி, மெல்லப்பா! அம்மா எங்கயும் ஓடிப்போக மாட்டா!”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். திருச்செல்வத்துக்குக் காது சுட்டது.

மேளம் நின்றது. அரக்குப் புடவையில் பெரியநாயகி தட்டோடு முன்னால் வந்தாள். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. தட்டைத் தூக்கினாள். பூத்தட்டியின் விளிம்பு அவள் கைக்கு மேலே நின்றது. பூசாரி குனிந்து கையை நீட்டினார். பூத்தட்டி மறித்ததில் எட்டவில்லை. அவள் குதிகாலைத் தூக்கி எக்கினாள், பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் தூக்கினாள். பக்கக் கண்ணாடியில் திருச்செல்வம் எல்லாவற்றையும் பார்த்தான். அம்மாவின் முகம் வலியில் சுருங்குவதையும் பார்த்தான். இறங்கி ஓடியிருக்கலாம். கதவைத் திறக்கக் கை போனபோது தட்டு சரிந்துவிட்டது. தேங்காய் உருண்டு டயருக்கு அடியில் போனது. கற்பூரம் மண்ணில் விழுந்து அணைந்தது.

யாரோ சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். “விழுந்த தட்ட ஏத்தக்கூடாதும்மா” என்றார் பூசாரி, பாவம், அவருக்கும் சொல்ல மனசில்லை.

பெரியநாயகி குனிந்து பழத்தைப் பொறுக்கினாள். நிமிர்ந்தபோது சிரித்தாள். “என் கைதான் நடுங்கிருச்சு. வயசாச்சுல்ல! வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல. சாமி போகட்டும், நேரமாவுது.”

அடுத்து நின்ற பெண் நாற்காலிமேல் ஏறித் தட்டைக் கொடுத்தாள். முதல் தட்டு அவளுக்குப் போனது. வண்டி நகர்ந்தது. ஒவ்வொரு லயத்திலும் அந்தச் சிவப்பு நாற்காலி வண்டிக்குப் பின்னால் ஓடிவந்தது. ஒவ்வொரு தடவையும் திருச்செல்வத்துக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்க்காமலே ஓட்டினான்.

அம்மனை இறக்கியாயிற்று. கோயில் கூடாரத்தில் சாப்பாடு. பெரியநாயகியைச் சுற்றி நாலைந்து பேர். ஒருத்தி கைநடுக்கத்துக்குத் தைலம் சொன்னாள். இன்னொருத்தி கிளினிக் பேர் சொன்னாள். பெரியநாயகி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், நடுக்கம் போன வருடமே ஆரம்பித்துவிட்டதாகக்கூடச் சொன்னாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். மகனுக்காகச் சரளமாகச் சொன்னாள்.

சாம்பார் வாளியோடு நின்ற திருச்செல்வத்தால் அதற்குமேல் கேட்க முடியவில்லை. வாளியைக் கீழே வைத்தான்.

“அம்மா கை நடுங்கல” என்றான். குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. “தங்கையா அண்ணே அளந்துட்டுப் போனப்புறம் நான்தான் வண்டிய நாலு இஞ்சு தூக்கிக் கட்டினேன். அம்மா மேல எந்தத் தப்பும் இல்ல.”

சோறு பரிமாறிக்கொண்டிருந்த தங்கையா நிமிரக்கூட இல்லை.

“தெரியும் தம்பி. எங்களுக்கும் கண்ணு இருக்குல்ல.”

தைலம் சொன்னவள் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். கருப்பாயி தண்ணீர் எடுக்க எழுந்து போனாள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அத்தனை பேரும் தெரிந்துகொண்டேதான் அம்மாவின் பொய்க்குத் துணை நின்றிருக்கிறார்கள்.

பெரியநாயகி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். சாயங்காலத்திலிருந்து பிடித்து வைத்திருந்த அழுகை இப்போதுதான் வந்தது.

“நாலு பேருக்கு முன்னால உன் தப்ப மூடி வச்சேனேடா” என்றாள். “அதையும் நிக்க விடலியே நீ.”